ஆற்றுத் திருவிழாவில் தொலைந்த டென்ட்டுப் பிள்ளை

ரேணுகாம்பாள் கோபக்காரி என்று ஊரில் பெயர். அந்தப் பெயரை அவள் ஒருநாளும் மறுத்ததில்லை. மாகறலைத் தாண்டி, செய்யாற்றுக் கரையில் இருக்கும் தங்கள் தென்னந்தோப்பில் டென்ட் போட்டு வெளியூர் ஆட்களைத் தங்கவைப்பது அவள் தொழில். அதற்கு முன்னால் ஒரு கம்பெனி கேன்டீனில் வருஷக்கணக்காக இட்லி ஊற்றினாள். முதுகு விட்டுப்போய் வீட்டோடு கிடந்த சமயத்தில், வழி தவறி வந்த மோட்டார் சைக்கிள்காரர்கள் சிலர் தோப்பில் கூடாரம் அடித்துத் தங்கிக்கொள்ளலாமா என்று கேட்டார்கள்.

"வூடு வாசல் இருக்கறவங்க துணிக்குள்ள படுக்கறதுக்கா இம்மாந்தூரம் வர்றாங்க?" என்று அவள் கணவன் முனிசாமி விழுந்து விழுந்து சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. அடுத்த வாரமே கக்கூஸ் கட்ட ஆள் கூப்பிட்டாள்.

இப்போது சனி ஞாயிறு வந்தால் தோப்பில் கால் வைக்க இடமிருக்காது. பம்புசெட்டுக் குளியல், தென்னேரி ஏரியில் பறவை பார்ப்பது, சாயங்காலம் மணலில் நடை, அப்புறம் விறகை மூட்டிச் சுற்றி உட்கார்ந்து பாட்டு. எல்லாவற்றுக்கும் அவளிடம் சட்டம் உண்டு. முதல் சட்டம், ஆற்றில் பிள்ளையின் கையை விடக் கூடாது. மணல் அள்ளிய பள்ளங்களில் தண்ணீர் நிற்கும். பார்த்தால் முழங்காலளவு, இறங்கினால் ஆளையே முழுங்கிவிடும். யாராவது மீறினால் டாக்டர், இன்ஜினியர் என்றெல்லாம் பார்க்கமாட்டாள். எல்லோருக்கும் ஒரே திட்டுதான்.

தை மாதம் ஆற்றுத் திருவிழா வந்தது. சுற்றுவட்டாரத்துச் சாமிகள் எல்லாம் பல்லக்கிலும் டிராக்டரிலும் ஆற்றுக்கு வந்து நீராடும் நாள். பல ஊர்ச் சொந்தங்கள் மணலில் கூடும். யார் பிள்ளை யார் மடியில் உட்கார்ந்து தின்கிறது என்று அன்றைக்கு யாரும் கேட்பதில்லை. எதிரில் வந்த பிள்ளையின் கையில் ஒரு துண்டு கரும்பைத் திணிப்பதுதான் வழக்கம்.

அந்த முறை தோப்பில் தங்கியிருந்தவர்களில் ஜோதிகா என்று சென்னைப் பெண் ஒருத்தி. நான்கு வயது மகள் அபிநயாவோடு வந்திருந்தாள். தொப்பியும் ட்ரவுசருமாகத் திரிந்த அந்தச் சின்னது, தெருவில் போகும் பிள்ளைகளைப் பார்த்து எனக்கும் பாவாடை வேண்டும் என்று அழுதது. கோபக்காரிக்கு மனசு கரைந்துவிட்டது. பீரோவிலிருந்து தன் மகளின் சின்ன வயசுப் பச்சைப் பட்டுப்பாவாடையை எடுத்துக் கட்டினாள். எண்ணெய் வைத்துத் தலைவாரி, கனகாம்பரம் வைத்து, கை நிறைய வளையல் போட்டு, கன்னத்தில் திருஷ்டிப் பொட்டும் இட்டாள்.

"இப்ப பாரும்மா, நம்ம வூட்டுப் பொண்ணாட்டமே இருக்குது!"

ஆற்றில் பிள்ளையின் கை அவள் கையில்தான் இருந்தது. அந்த நேரம் பார்த்து அம்மன் பல்லக்கு மேளத்தோடு மணலில் இறங்கியது. ரேணுகாம்பாளின் இரண்டு கையும் தலைக்கு மேல் தானாகப் போயின. கண்ணை மூடிக் கும்பிட்டுவிட்டுக் கையை இறக்கினாள். பிள்ளை இல்லை.

சட்டம் போட்டவளே கையை விட்டாள். அம்மனை விட்டுவிட்டுப் பள்ளங்களைப் பார்த்து ஓடினாள். ஜோதிகா "அபி! அபி!" என்று கத்திக்கொண்டே பின்னால் ஓடிவந்தாள். மேளச் சத்தத்தில் அந்தக் குரல் நாலடி தாண்டவில்லை. முனிசாமி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரு பள்ளத்தில் குதித்தான். இன்னும் சிலரும் குதித்தார்கள். கலங்கிய தண்ணீரிலிருந்து ஒவ்வொரு முறை தலை வெளியே வரும்போதும் ரேணுகாம்பாள் கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள்.

விழாக் கமிட்டியின் மைக் துரைக்கண்ணுவிடம் இருந்தது. ஒரு சங்கதியை முழுசாகக் கேட்டுவிட்டுப் பேசும் பழக்கம் அவருக்குக் கிடையாது. பிள்ளையை முன்பு தோப்பில் பார்த்த கோலத்தையே அடையாளமாகச் சொன்னார்.

"டென்ட்டுல தங்கிக்கினு இருந்த சென்னைப் புள்ளயக் காணோம்! தொப்பி, ட்ரவுசர் போட்ட புள்ள! பாத்தவங்க உடனே கொண்டாங்கப்பா!"

கூட்டம் மொத்தமும் தேடக் கிளம்பியது. கரும்புக் கடைக்காரர் கடையை அப்படியே விட்டுவிட்டு வந்தார். சாமி தூக்கியவர்கள்கூடப் பல்லக்கை இறக்கிவைத்தார்கள். தொப்பியும் ட்ரவுசரும் எங்கேயும் இல்லை.

அறிவிப்பு மூன்றாம் முறை வந்தபோதுதான் ரேணுகாம்பாளுக்கு உறைத்தது. தொப்பியும் ட்ரவுசரும் தோப்புக் கொடியில் அல்லவா காய்ந்துகொண்டிருக்கின்றன! ஓடிப்போய் மைக்கைப் பிடுங்கினாள்.

"யோவ், வாய மூடுய்யா! மேளத்த நிறுத்துங்கப்பா! அது நம்மூருப் புள்ளயாட்டம்தான் இருக்கும். பச்சைப் பாவாட, கனகாம்பரம், கன்னத்துல பொட்டு. நான்தான் கட்டிவுட்டேன். பேரு அபிநயா!"

கூட்டத்தின் நடுவிலிருந்து ஒரு சின்னக் குரல், "நான்தான் அபிநயா!" என்றது.

திருப்புட்குழியிலிருந்து வந்த தில்லையம்மாள் என்ற அம்மாளின் இடுப்பில் உட்கார்ந்திருந்தது அது. வாயெல்லாம் கரும்புச் சாறு. யாரோ சொந்தக்காரர் வீட்டுப் பிள்ளை என்று தூக்கிவைத்துக்கொண்டு, அந்த அம்மாளும் இவ்வளவு நேரமாக ஆறு முழுக்கச் சென்னைப் பிள்ளையைத்தான் தேடிக்கொண்டிருந்திருக்கிறாள். இடுப்பிலிருந்ததும் கூடவே தேடியிருக்கிறது.

ஜோதிகா பாய்ந்து பிள்ளையை வாங்கிக்கொண்டாள். பள்ளத்திலிருந்து சொட்டச் சொட்ட ஏறிவந்த முனிசாமி அதைப் பார்த்ததும் மணலில் மல்லாந்து படுத்துச் சிரித்தான். துரைக்கண்ணு அடுத்த சாமிக்கு வழிவிடச் சொல்லிக் கத்த ஆரம்பித்துவிட்டார்.

ரேணுகாம்பாள் மட்டும் இருந்த இடத்திலேயே உட்கார்ந்து, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு ஓவென்று அழுதாள். அவளை அப்படி அந்த ஊர் பார்த்ததே இல்லை. தில்லையம்மாள் ஜோதிகாவையும் ரேணுகாம்பாளையும் மாறிமாறிப் பார்த்தாள். அழுகிறவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"அதான் கெடச்சிட்சே, அழுவாத. பெத்தவ நீ, இப்படிக் கைய வுட்டுட்டு நிக்கலாமா?"

பெற்றவள் ஜோதிகா அங்கேதான் நின்றிருந்தாள். பிள்ளையைக் கொண்டுவந்து ரேணுகாம்பாளின் மடியில் உட்காரவைத்துவிட்டு, தண்ணீர் வாங்கிவரப் போனாள்.