மாப்பிள்ளை வீட்டார் கேட்ட பறவை

என் ஜாதகத்தை வாங்கிப் பார்த்தவர்கள் எல்லாரும் செவ்வாயிலேயே நின்றுவிடுவார்கள். எப்போதும்வென்றான் என்ற ஊர்ப் பக்கத்திலிருந்து வந்த வரன் மட்டும் செவ்வாயைத் தாண்டி, ராகுவையும் தாண்டி, பொருத்தமெல்லாம் சரி என்று சொல்லிவிட்டுக் கடைசியில் ஒரு லிங்க் அனுப்பியது.

மாப்பிள்ளைக்குப் பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. தரகர் அம்மாவுக்குப் போன் செய்தார். அவர் குரலில் எப்போதும் இருக்கும் குழைவோடு அன்று குழப்பமும் இருந்தது.

"மதினி, மாப்பிள்ளை ஒரு பரிச்சை அனுப்பியிருக்காரு. பொண்ணு எழுதணுமாம்."

"அவதான் பி.காம் முடிச்சிருக்காளே. பெறவு என்ன பரிச்சை?"

"பாடப் பரிச்சை இல்ல. கொணத்தைப் பாக்குததாம். பாஸு பெயிலு கிடையாது. கடைசில ஒரு பறவை பேரு வரும். அதை அனுப்பணும். பெங்களூர்ல இப்பம் இதான் நடக்குதாம்."

அம்மா போனை வைத்துவிட்டு என்னை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தாள். எந்தப் பறவை வரும் என்று அப்போதே கவலைப்படத் தொடங்கிவிட்டாள்.

எனக்கு அப்போது கோவில்பட்டியில் ஒரு விதைக்கடையில் வேலை. விதை, உரம், பூச்சிமருந்து மூன்றும் உண்டு. பில் போடுவதும், எந்தப் பூச்சிக்கு எந்த மருந்து என்று விவசாயிகளோடு மல்லுக்கட்டுவதும் என் வேலை. வயது ஏறிக்கொண்டிருந்தது என்று அம்மா சொல்வாள். மற்ற எல்லாருக்கும் அது நின்றுபோயிருந்த மாதிரி.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கறிச்சோறு தின்ற கிறக்கத்தில் முன்னறையில் உட்கார்ந்து பரீட்சையைத் திறந்தேன். இந்தப் பக்கம் அம்மா. அந்தப் பக்கம் அத்தை. அத்தை, அப்பாவின் அக்கா, எங்களோடுதான் இருக்கிறாள். ஊருக்கு வெளியே தொழுவம் போட்டு ஆடு வளர்க்கிறாள். அதனால் உலகத்தில் எதைப் பற்றிப் பேச்சு வந்தாலும் ஆட்டை வைத்துத்தான் அளப்பாள். அப்பா மினிபஸ் ஓட்டுகிறவர். நாளெல்லாம் ஹாரன் அடித்துவிட்டு வருவதாலோ என்னவோ வீட்டில் வாயைத் திறக்க மாட்டார். அவர் ஒரு மூலையில் படுத்துக் கண்ணை மூடியிருந்தார்.

கேள்விகள் தமிழில்தான் இருந்தன. ஆனால் ஏதோ இயந்திரம் மொழிபெயர்த்த தமிழ். ஒவ்வொன்றின் கீழும் 'முழுமையாக ஏற்கிறேன்' தொடங்கி 'முழுமையாக மறுக்கிறேன்' வரை வட்டங்கள். முதல் கேள்வியைச் சத்தமாக வாசித்தேன்: "விருந்துகளில் நீங்கள் விருந்தின் உயிராக இருக்கிறீர்கள்."

அத்தை முகத்தைச் சுளித்தாள். "விருந்துல உயிர விடுதது கெடால்லா. இவ எதுக்கு உயிரா இருக்கணும்?"

"கலகலன்னு பேசுவியான்னு கேக்கான் அத்தை."

"அப்பம் அப்படிக் கேக்க வேண்டியதுதான. ஆமான்னு போடு."

அடுத்தது: "முக்கிய முடிவுகளில் நீங்கள் இதயத்தை விட மூளையைப் பின்பற்றுகிறீர்கள்."

"ரெண்டும் இல்ல, எங்களக் கேப்பேன்னு போடு" என்றாள் அம்மா.

"அப்படி ஒரு வட்டம் இல்லம்மா."

"அப்பம் பரிச்சையே தப்பு."

பொருள்களை அதனதன் இடத்தில் வைப்பீர்களா என்று ஒரு கேள்வி. நான் பதில் சொல்லுமுன் அம்மா என் கட்டிலில் குவிந்து கிடந்த துணியைப் பார்த்தாள். பிறகு தணிந்த குரலில், "ஆமான்னு போட்டுரு. இதுல உண்மையச் சொன்னா கரையேற முடியாது" என்றாள்.

இப்படியே போய், "தனியாக இருக்கும்போது உற்சாகம் அடைகிறீர்கள்" என்ற இடத்தில் மூன்று பேரும் கொஞ்சம் நின்றோம். எனக்கு உண்மையிலேயே பதில் தெரியவில்லை. அந்த வீட்டில் நான் தனியாக இருந்ததாக நினைவே இல்லை. குளியலறையில் இருந்தால்கூட வெளியிலிருந்து அம்மா ஏதாவது கேட்டுக்கொண்டிருப்பாள்.

"தனியா எதுக்கு இருக்கணும்? சீக்கு வந்த ஆடுதான் ஒதுங்கி நிக்கும்" என்றாள் அத்தை.

"இல்லன்னு போடு. அவிய வீட்டுல சொந்தக்காரங்க ஜாஸ்தி" என்றாள் அம்மா.

போட்டேன். மயில் என்று வந்தது. கூட்டத்தின் நடுவே மிளிர்பவர், எல்லாரையும் கவர்பவர் என்று எழுதியிருந்தது. அம்மா கழுகுமலை இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிட்டாள். முருகனே வாகனத்தை அனுப்பிவிட்டான் என்று அவளுக்கு நிறைவு.

"அனுப்பிட்டியாட்டி?"

"ம்" என்றேன். அனுப்பவில்லை. அந்த மயிலில் ஒரு இறகுகூட என்னுடையது இல்லை. அம்மாவையும் அத்தையையும் சேர்த்து ஒருவனுக்குக் கட்டி வைக்க எனக்கு மனம் வரவில்லை.

மறுநாள் கடையில் மத்தியானம் வந்தது. முதலாளி பாய் தொழுகைக்குப் போய்விட்டு அப்படியே வீட்டில் சாப்பிட்டு வருவார். கடைப்பையனும் சாப்பிடப் போய்விடுவான். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு நான் மட்டும் இருப்பேன். விதை மூட்டைகளுக்கு நடுவே மின்விசிறியின் சத்தம், மருந்து நெடி, டிபன்பாக்ஸ். அங்கே உட்கார்ந்து பரீட்சையை மறுபடி திறந்தேன். விறுவிறுவென்று போட்டுக்கொண்டே வந்து, அந்தத் தனிமைக் கேள்வியில் கை நின்றது. சுற்றிப் பார்த்தேன். காலையில் வீட்டைவிட்டுக் கிளம்பும்போதே நான் எதிர்பார்க்கத் தொடங்குவது இந்த ஒரு நேரத்தைத்தான் என்பது அப்போதுதான் உறைத்தது. இத்தனை வருஷமாக அதைப் பசி என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

முழுமையாக ஏற்கிறேன் என்று அழுத்தினேன். ஆந்தை என்று வந்தது.

ஆழ்ந்து யோசிப்பவர், அமைதியை நாடுபவர், பிறர் குறைகளை உடனே கண்டுபிடிப்பவர். கடைசியில் இருந்ததை அம்மா எந்தப் பரீட்சையும் வைக்காமலே பல வருஷமாகச் சொல்லி வருகிறாள். ஆனால் அதே குணத்தை என்னை முன்பின் தெரியாத ஒரு பரீட்சை மரியாதையாகச் சொன்னபோது எனக்குப் பெருமையாகவே இருந்தது.

சிரித்துக்கொண்டிருந்தபோது ஷட்டருக்குக் கீழே குனிந்து ஒருவர் உள்ளே வந்தார். பசுவந்தனை ஊர்க்காரர், உளுந்து விதை வாங்க அடிக்கடி வருகிறவர். "என்ன தாயி, போனப் பாத்துச் சிரிக்க?" என்றார். மறைக்கத் தோன்றவில்லை. மயில் வந்ததையும் பிறகு ஆந்தை வந்ததையும் சொன்னேன்.

"ஆந்தைன்னே வச்சுக்கோ. அது எலியத் திங்கும். மயிலு பண்ணுத அநியாயம் ஒனக்குத் தெரியாது. வெதைச்சுட்டு வீடு வந்து சேருமுன்ன பூராத்தையும் பொறக்கிட்டுப் போயிருது. ஆமா, புது உளுந்து வந்துட்டா?"

அவருக்கு உளுந்தைக் காட்டிவிட்டு, மாப்பிள்ளைக்கு ஆந்தையை அனுப்பினேன்.

சாயங்காலம் நான் வீட்டுக்குப் போய்ச் சேருவதற்குள் தரகர் போன் செய்துவிட்டார். அம்மா வாசலிலேயே நின்றாள்.

"ஆந்தைன்னு அனுப்பியிருக்கே? ஒருத்தன் காலையில முழிச்சி ஆந்தை மொகத்திலயா முழிப்பான்?"

"அதான் வந்துச்சு."

"நேத்து மயிலுல்லா வந்துச்சு?"

"நேத்து நீங்க எழுதுனீங்க."

அத்தை தொழுவத்திலிருந்து வந்து விவரம் கேட்டுவிட்டு, வீட்டுக் கூரையில் ஆந்தை உட்கார்ந்தால் என்னென்ன நடக்கும் என்று வரிசையாகச் சொல்லத் தொடங்கினாள். அப்பா எழுந்து வந்தார். என் போனை வாங்கிக்கொண்டு மாடிக்குப் போனார். திரும்பி வந்து போனைக் கொடுத்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். எடுத்துப் பார்த்தேன். திரையில் அதே பரீட்சை; அவருக்கு வந்த மயில் தோகை விரித்து நின்றது. அந்த வாரம் முழுக்க அப்பாவின் வாட்ஸ்அப் படமாக மயில்தான் இருந்தது.

புரட்டாசி பிறந்தால் பெண் பார்க்க வர மாட்டார்கள் என்று ஆவணிக் கடைசியில் அவர்கள் வந்தார்கள். ஆந்தையால் வரன் தட்டிப்போகும் என்று காத்திருந்த அத்தைக்கு ஏமாற்றம். காப்பி கொடுத்த பிறகு, பொண்ணும் மாப்பிள்ளையும் கொஞ்சம் பேசட்டும் என்று எங்களை மாடிக்கு அனுப்பினார்கள்.

அவன் நல்ல மாதிரியாகத்தான் இருந்தான். சட்டையை இழுத்து விட்டுக்கொண்டு, தண்ணீர்த் தொட்டிப் பக்கம் நின்று, "நான் கழுகு" என்றான். அப்படி ஒரு அறிமுகத்தை நான் அதுவரை கேட்டதில்லை. கழுகு என்றால் தலைமை தாங்குபவர், துணிந்து முடிவெடுப்பவர் என்று விளக்கினான்.

"கழுகுக்கும் ஆந்தைக்கும் ஒத்துவருமா?" என்று கேட்டேன்.

"வரும். ஆனா ஆந்தை கொஞ்சம் கேள்வி கேக்கும்."

"என்ன மாதிரிக் கேள்வி?"

"இந்த மாதிரிதான்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவனும் சிரித்தான். கீழேயிருந்து அவன் அம்மாவின் குரல் கேட்டது: "ஏலே, வெயில்ல நிக்காத. தலைவலி வந்துரும்." கழுகு உடனே நிழலுக்கு நகர்ந்தது.

"நீங்க இதை எங்க வச்சு எழுதுனீங்க?" என்றேன்.

"ஆபீஸ்ல. ஒரு டிரெய்னிங்ல. மேனேஜர் பக்கத்துலயே உக்காந்திருந்தாரு."

"எங்க அம்மா பக்கத்துல இருக்கும்போது எனக்கு மயில் வந்துச்சு."

அவன் போனை எடுத்து அங்கேயே எழுத உட்கார்ந்தான். ஒரு தடவை மட்டும் தலைதூக்கி, "கேட்டதை மறுக்கத் தயங்குவீர்களான்னு கேக்குதாங்க. நான் தயங்குவேனோ?" என்றான். "எனக்கு எப்படித் தெரியும்?" என்றேன். எழுதி முடித்துத் திரையைக் காட்டினான். புறா. அடுத்தவர் மனம் நோகக் கூடாது என்று நினைப்பவர், சண்டை என்றால் ஒதுங்குபவர்.

"ஆபீஸ்ல யாருக்கும் தெரிய வேண்டாம்" என்றான். எங்கள் கடைக்கு எந்த ஐ.டி. கம்பெனியிலிருந்தும் உரம் வாங்க வருவதில்லை என்று சொன்ன பிறகுதான் கீழே இறங்கினான்.

அவர்கள் வீட்டில் எல்லாருக்கும் பிடித்துவிட்டது என்று தரகர் சொன்னார். இரண்டு நாள் கழித்து, கடையில் ஷட்டர் பாதி இறங்கியிருந்த நேரத்தில் மாப்பிள்ளை என்னைப் போனில் கூப்பிட்டான். வெகுநேரம் மழையைப் பற்றிப் பேசினான். பிறகு, "ஒரு உதவி. நீங்களே வேண்டாம்னு சொல்லிருதீங்களா?" என்றான்.

"ஏன், ஆந்தை பிடிக்கலையா?"

"ஐயையோ, அதெல்லாம் இல்ல. எங்க டீம்ல ஒருத்தங்க இருக்காங்க. ரொம்ப நாளா. வீட்டுல சொல்ல வரல எனக்கு. நீங்க வேண்டாம்னுட்டா கொஞ்ச நாளு தள்ளிப்போகும்."

கோபம் வந்தது. மாடி ஏறி வந்து என்னிடம் கழுகு என்று நெஞ்சை நிமிர்த்தியபோதே இதைச் சொல்லியிருக்கலாம். திட்டத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் வாயில் வந்தது வேறு.

"அவங்க என்ன பறவை?"

"கழுகு" என்றான். "நெசமான கழுகு."

அதற்குமேல் என்னால் கோபத்தைப் பிடித்து வைக்க முடியவில்லை. உங்கள் வீட்டில் சொல்வதற்கு அவளையே கூட்டிக்கொண்டு போங்கள், அவள் பேசிக்கொள்வாள் என்று சொல்லிவிட்டு வைத்தேன்.

அன்றைக்கே வீட்டில் எனக்கு இந்த வரன் வேண்டாம் என்றேன். காரணம் கேட்டார்கள். அவன் விஷயத்தைச் சொல்வது அவனுடைய வேலை என்பதால் நான் சொல்லவில்லை. அம்மா சில நாள் என்னோடு பேசவில்லை. வீட்டில் அது ஒரு விடுமுறை மாதிரி இருந்ததை இங்கே சொல்லத்தான் வேண்டும். ஆந்தை என்று வந்தபோதே நினைத்தேன் என்று அத்தை தெருவெல்லாம் சொன்னாள். அப்பா மட்டும், மினிபஸ்ஸுக்குக் கிளம்பும்போது என் தலையில் ஒருமுறை கையை வைத்து எடுத்துவிட்டுப் போனார்.

புரட்டாசி மழைக்குப் பிறகு பாய் ஓட்டப்பிடாரத்தில் ஒரு சின்னக் கிளை போடப்போவதாகச் சொன்னார். அங்கே யாரை வைப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தார். நான் போகிறேன் என்றேன்.

"அங்கன ஒத்தையில இருக்கணுமேம்மா. பேச்சுத் துணைக்குக்கூட ஆளு கிடையாது."

"அதுக்குத்தான் பாய் கேக்குதேன்."

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். ஆனாலும் சாவியைக் கொடுத்தார். அம்மா எதிர்த்தாள். சம்பளம் கூடுகிறது என்று சொன்னதும் கொஞ்சம் குறைவாக எதிர்த்தாள்.

இப்போது தினமும் பஸ்ஸில் போய்வருகிறேன். கிளை பஸ் நிறுத்தத்துக்கு எதிரிலேயே இருக்கிறது. பஸ்ஸுக்கு நிற்கிற சனம் முழுக்கக் கடைக்குள் வந்துதான் மின்விசிறிக்குக் கீழே உட்காருகிறது. தனிமை என்று பார்த்தால் மத்தியான பஸ் போனதற்குப் பிறகு கிடைப்பதுதான். முதல் மாதம் அந்த நேரத்தில் ராணி மாதிரி உட்கார்ந்து சாப்பிட்டேன். அடுத்த மாதம் அது கொஞ்சம் நீளமாகத் தெரிந்தது. ஒருநாள் நானே அம்மாவுக்குப் போன் போட்டேன்.

"என்னட்டி, ஒடம்புக்கு என்ன?" என்று பதறினாள்.

"ஒண்ணுமில்ல. சும்மாதான்."

"சும்மாவா?" என்றாள். பிறகு, அத்தையின் வெள்ளாடு மூன்று குட்டி போட்டதையும், அதில் ஒன்று பால் குடிக்க மாட்டேன் என்கிறதையும், எதிர்வீட்டில் வாஷிங்மெஷின் வாங்கியதையும் சொல்லத் தொடங்கினாள். நான் போனைச் சோற்றுக்குப் பக்கத்தில் நிறுத்தி வைத்துவிட்டுச் சாப்பிட்டேன்.