கும்பிட்டுக் கெடுத்த நாய்க்குட்டி

படூரில் எங்கள் அடுக்ககத்துக்காரர்களைப் போல நாயை வெறுக்கிறவர்களும் கிடையாது, நாயைக் கும்பிடுகிறவர்களும் கிடையாது. இரண்டையும் செய்வது ஒரே ஆட்கள்தான்.

என்னிடம் இருந்தது ஒரு கருப்பு லாப்ரடார் பெண் குட்டி. ஆசைக்கு வளர்த்ததல்ல. அச்சரப்பாக்கத்தில் ஒரு பள்ளியில் வரலாறு நடத்துகிற என் தம்பிக்குப் பார்வை கொஞ்சம் கொஞ்சமாக மங்கி, கடைசியில் முழுக்கவே போய்விட்டது. பாடம் நடத்தக் கண் தேவைப்படவில்லை. பஸ்ஸை விட்டு இறங்கி ஜி.எஸ்.டி. ரோட்டைத் தாண்டத்தான் தேவைப்பட்டது. பார்த்துக்கொண்டிருந்த வேலையை விட்டுவிட்டு அவன் மனைவி தினமும் கையைப் பிடித்துக் கூட்டிப்போனாள். அது அவனைத் தின்றுகொண்டிருந்தது.

பார்வையற்றவர்களுக்கு வழி காட்ட நாய்களைப் பழக்கும் ஒருவர்தான் குட்டியைக் கொடுத்தார். ஒரு வயது வரை நான் வளர்க்க வேண்டும். அவர் வைக்கும் சோதனையில் தேறினால் கூட்டிப்போய்ப் பழக்கித் தம்பியிடம் ஒப்படைப்பார். "வெளி ஆளுங்க கையால ஒரு பருக்கை கூட திங்கக் கூடாது மேடம். தீனிக்கு இழுக்கிற நாய், புடிச்சிருக்கிற ஆளையும் சேத்து லாரிக்கு அடியில இழுத்துட்டுப் போயிடும்" என்றார். இதற்கு மேல் தெளிவாக ஒரு மனிதன் எப்படிச் சொல்வது?

குட்டி என் செருப்பைத் தின்றது, சோபாவின் காலைத் தின்றது, சமையலறை நடுவில் ஒன்றுக்கு அடித்துவிட்டு என்னைப் பார்த்து வாலாட்டியது. அதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன், அது நாய். லிஃப்ட்டில் மூக்கைப் பொத்திக்கொண்ட மனிதர்களைத்தான் பொறுக்க முடியவில்லை. சங்கச் செயலாளர், "நாயெல்லாம் படியில போகட்டும் மேடம், குடித்தனக்காரங்க இருக்கற எடம்" என்பார். நானும் குடித்தனக்காரிதான் என்பது அவருக்கு மறந்துவிடும். சிறுத்தை வருவதுபோல் குழந்தைகளை இழுத்து அணைத்துக்கொள்வார்கள்.

தேய்பிறை அஷ்டமி வந்தால் போதும், அதே கூட்டம் என் வீட்டு வாசலில் நிற்கும். பைரவருக்கு வாகனமாம். அதுவும் கருப்பாம், விசேஷமாம். மூன்றாம் மாடி அம்மாள் மிளகு வடைத் தட்டோடு வந்து, "பொட்டையா இருந்தா என்ன, பைரவர் கோச்சுக்க மாட்டார்" என்று பைரவருக்காக அவரே பெரிய மனது பண்ணினார். சனிக்கிழமையானால் சனி தோஷத்துக்கு எள்ளுச்சாதம். 'தொடாதீர்கள், உணவு தராதீர்கள்' என்று தமிழிலும் இங்கிலீஷிலும் எழுதிய சட்டையைக் குட்டிக்கு மாட்டிவிட்டேன். படித்த மகராசிகள், அந்த எழுத்தின் மேலேயே குங்குமம் வைத்துவிட்டுப் போனார்கள்.

கத்தினேன், தட்டைத் திருப்பி அனுப்பினேன். ராட்சசி என்று பேர் வாங்கினேன். பிறகு யாரும் வரவில்லை. ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன். காலையில் நான் வேலைக்குக் கிளம்பிய பிறகு குட்டியைக் கீழே நடத்திப்போவது என் கணவர். ஊரே மெச்சும் நல்ல மனிதர்.

சோதனை மாமல்லபுரத்தில், பஸ் நிலையத்துக்கும் கோயிலுக்கும் நடுவில் இருக்கும் நெரிசலில். என் கணவர் காரோட்டி வந்து கோயில் பக்கமாக நிறுத்தினார். வாரைத் தம்பியின் கையில் கொடுத்துவிட்டுப் பயிற்சியாளர் கூடவே நடந்தார். வழியில் அவர் போட்டுவைத்த பிஸ்கட்டைக் குட்டி தாண்டிப்போனது. வறுத்த மீனைத் தாண்டிப்போனது. சுற்றுலா பஸ் காதருகே ஹாரன் அடித்தும் மிரளவில்லை. தம்பியின் முகத்தைப் பார்த்தேன். அப்படி நிமிர்ந்து அவன் நடந்து வெகுகாலம் ஆகியிருந்தது.

கோயிலுக்கு எதிரே ஒரு பெண் ரோட்டோரம் நின்றபடியே கோபுரத்தைப் பார்த்துக் கைகூப்பினாள்.

குட்டி சடாரென்று திரும்பியது. ரோட்டின் குறுக்கே தம்பியை இழுத்துக்கொண்டு ஓடியது. ஒரு பைக் கிறீச்சிட்டு நின்றது. "யோவ், கண்ணு தெரியல?" என்று கத்தினான் பைக்காரன். தம்பி முழங்கால் அடிபட விழுந்தான். குட்டியோ அந்தப் பெண்ணின் காலடியில் சமர்த்தாக உட்கார்ந்து, அவள் கூப்பிய கையைப் பார்த்து வாயைத் திறந்துகொண்டிருந்தது. அவளும் லேசுப்பட்டவளா? "பைரவா, நீயே வந்துட்டியாப்பா!" என்று அர்ச்சனைக் கூடையிலிருந்து வாழைப்பழத்தை உரித்து ஊட்டினாள். விழுந்து கிடந்தவனை அவள் பார்க்கவே இல்லை.

"கைகூப்பினா தீனின்னு இதுக்கு யாரு மேடம் பழக்கினது?" என்று கேட்டார் பயிற்சியாளர்.

என் கணவர் காரின் கதவைத் துடைக்க ஆரம்பித்தார். பிறகு மெல்ல, "கீழ நடக்கறப்ப வந்து கும்புட்டுட்டுக் குடுப்பாங்க. சாமி விஷயம், எப்டி வாணாங்கறது?" என்றார்.

அடப்பாவி மனுஷா! நடுத்தெரு என்றும் பார்க்காமல் கேட்டேன், நன்றாகவே கேட்டேன். பயிற்சியாளர் தலையை ஆட்டினார். "பிஸ்கட் ஆசைன்னா மாத்திடலாம். கும்பிடறவங்களே இல்லாத தெருவுக்கு நான் எங்க போவேன்? இது ஆகாதும்மா, வீட்டு நாயா வச்சுக்குங்க."

திரும்பும்போது குட்டி தம்பியின் மடியில் தலைவைத்துத் தூங்கியது. அவன் அதன் காதைத் தடவிக்கொண்டே வந்தான். திருப்போரூர் தாண்டியதும் பேசினான்.

"மாமாவத் திட்டாதக்கா. எனக்கு வேற ரோசன. அடுத்த வருசத்திலேர்ந்து சார் தனியா வருவாரு, பாத்துகினே இருங்கடான்னு பசங்ககிட்ட சொல்லிட்டேன். வூட்லயும் சொல்லிட்டேன். அவ பழைய வேலைக்கு வரேன்னு சொல்லி வச்சிட்டாக்கா."