நசுங்காத எலுமிச்சம்பழம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்குப் பேய் பிசாசில் எல்லாம் நம்பிக்கை கிடையாது. எங்கள் தோட்டத்து லயத்து வீடுகளில் யாராவது "அந்தப் பக்கம் போகாதீங்க, என்னமோ இருக்கு" என்றால், அங்கே எவன் கசிப்புச் சாராயம் காய்ச்சுகிறான் என்றுதான் எனக்குத் தோன்றும். ஆவியை நம்புவதைவிட மனிதனைச் சந்தேகப்படுவது எனக்குச் சுலபம். கோயில் விபூதியில்கூட எனக்குச் சந்தேகம் என்று என் மனைவி புஷ்பம் கேலி செய்வாள். இதையே இன்னொருவர் வந்து சொல்லியிருந்தால் நான் சிரித்திருப்பேன், அதனால் நீங்கள் சிரித்தாலும் கோபப்பட மாட்டேன்.

நோட்டன் பிரிட்ஜுக்கு மேலே எங்கள் தோட்டத்துத் தேயிலை பெக்டரி பல வருடம் மூடிக் கிடந்து, இப்போது வெளிநாட்டுக்காரர் வந்து தங்கும் ஹோட்டலாகிவிட்டது. அதன் பின்பக்கம் ஒரு பழைய ஸ்டீம் ரோலர் நின்றது. வெள்ளைக்காரன் காலத்தில் தோட்டத்து ரோடெல்லாம் போட்டது அதுதான். புகைபோக்கி வரைக்கும் கொடி ஏறி, அடுப்புக்குள் குளவி கூடு கட்டியிருந்தது. அதை ஓட வைத்தால் விருந்தாளிகள் பார்ப்பார்கள் என்று ஹோட்டல் மேனேஜருக்கு ஆசை. பெக்டரியில் முன்பு ஃபிட்டராக இருந்த என்னையும், டிக்கோயாவிலிருந்து அந்தோனி என்ற இன்னொரு ஃபிட்டரையும் வேலைக்குக் கூப்பிட்டார். ஓட ஆரம்பித்த பிறகு ஒருவரைத்தான் நிரந்தரமாக வைத்துக்கொள்வோம், அவருக்கு மலைச்சரிவில் இருக்கும் பழைய கிளார்க் குவாட்டர்ஸ் வீடு கிடைக்கும் என்று முதல் நாளே சொல்லிவிட்டார்.

எனக்கு அந்த வீடு வேண்டும். மண்சரிவில் எங்கள் லயத்து வீடு போய், மச்சானுடைய ஒற்றைக் காம்பராவில் நடுவே சேலையைக் கட்டித் தொங்கவிட்டு இரண்டு குடும்பம் படுத்திருந்தோம். புஷ்பம் வாய்விட்டு ஒன்றும் சொல்ல மாட்டாள், ஆனால் ஒவ்வொரு நாளும் "ரோலர் ஓடிருச்சாங்க?" என்று கேட்பாள். அதனால் அந்தோனி மேல் எனக்கு ஒரு கண். என் ஸ்பேனர்களைப் பூட்டி வைத்தேன். அவன் ஊற்றித் தந்த பிளேன் டீயை அவன் ஒரு வாய் குடித்த பிறகுதான் நான் குடித்தேன். அவனும் என்னை அப்படித்தான் பார்த்தான், அதில் ஒளிவுமறைவே இல்லை.

துரு சுரண்டி, பொய்லர் குழாய்களை மாற்றி, இன்ஸ்பெக்டர் வந்து தண்ணீர் அழுத்தம் பார்த்துச் சரி என்று சொல்லி, ஒரு வழியாக ஓட்டிப் பார்க்கும் நாள் வந்தது. பகல் வேளை, லேசான மூட்டம். ஹோட்டல் முற்றத்தில் புதுச் சல்லிக்கல் கொட்டிப் பரப்பியிருந்தார்கள். நம் வழக்கப்படி கற்பூரம் காட்டி முன் உருளைக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தேன், அந்தோனி பக்கத்தில் நின்று சிலுவை போட்டுக்கொண்டான். அவன் விறகு போட நான் ஓட்டினேன். முற்றத்தின் அந்த முனை வரைக்கும் போய் நின்றது. எல்லோரும் கைதட்டினார்கள், எனக்கு அழுகையே வந்துவிட்டது.

இறங்கி வந்து பார்த்தால், எலுமிச்சம்பழம் முழுசாகக் கிடக்கிறது. பத்து டன்னுக்குக் குறையாத இரும்பு அதன் மேல் ஏறிப் போயிருக்கிறது, தோலில் ஒரு கீறல் இல்லை. அந்தோனிதான் கைதட்டின சந்தடியில் பழத்தை மாற்றியிருக்கிறான், சகுனம் சரியில்லை என்று என்னைக் கழற்றிவிடப் பார்க்கிறான் என்று முடிவு கட்டினேன். பூஜைத் தட்டிலிருந்து இன்னொரு பழத்தை எடுத்து, அடையாளத்துக்குப் பல் பதியக் கடித்து, யாருக்கும் தெரியாமல் உருளைக்கு முன்னால் வைத்துவிட்டுத் திரும்பவும் ஓட்டினேன். நம்பினால் நம்புங்கள், என் பல் அடையாளத்தோடு அதுவும் அப்படியே கிடந்தது. அப்புறம்தான் சல்லியைப் பார்த்தேன். ரோலர் போன வழி எது, போகாத வழி எது என்று தெரியவில்லை. கொட்டினது கொட்டினபடியே, காலால் தள்ளினால் உருண்டது. மண்டியிட்டுக் குனிந்து பார்த்தேன், சக்கரம் தரையில்தான் நிற்கிறது.

அந்த நேரம் அந்தோனி, மேல் மலை ஊற்றிலிருந்து பொய்லருக்கு வரும் தண்ணீர்ப் பைப்பைப் பூட்டுவதற்குப் போயிருந்தான். திரும்பி வந்தவனுக்கு முகமே சரியில்லை.

"அண்ணே, மேல வந்து ஒன்னு பாருங்க."

என்னைத் தனியாகக் கூட்டிப் போகப் பார்க்கிறானே என்று கையில் ஒரு ஸ்பேனரை எடுத்துக்கொண்டுதான் போனேன். மேல் மலை தேயிலை பறிப்பதைக் கைவிட்ட மலை, மார்பளவுக்கு மானாப்புல். அதற்கு நடுவில் ஒரு ரோடு கிடந்தது. புல் பச்சையாகவே நசுங்கி, சல்லி கல்லோடு கல் இறுகி, கத்தி முனை இறங்காத அளவுக்கு ஒரு ரோடு. அந்தக் காட்டில் சல்லி ஏது? டேப் போட்டு அளந்தேன். எங்கள் ரோலரின் அகலம். நீளமும் முற்றத்தில் ஓட்டின தூரம்தான் இருக்கும். தூறலில் நனைந்த அந்தக் கல்லில் கை வைத்தேன், சூடாக இருந்தது.

எவனிடம் என்ன வாங்கிக்கொண்டு இதைச் செய்தாய் என்று அந்தோனியைக் கேட்டேன். மூக்கு நுனியில் கோபம் உள்ளவன், சண்டைக்கு வருவான் என்று நினைத்தேன். வரவில்லை.

"இங்க ஒரு மெசினும் கொண்டார ஏலாதுண்ணே, பாதையே இல்லயே. எனக்கு இந்த வேல வேணாம். நீங்களே இருந்துக்குங்க."

அன்றைக்கே டிக்கோயாவுக்குப் போய்விட்டான், இப்போது அங்கே த்ரீவீல் ஓட்டுகிறான். கையில் வந்த வேலையை ஒருவன் சும்மா விட்டுக்கொடுப்பானா? என் புத்தி எப்படி என்றால், அதையும் சந்தேகப்பட்டேன், இன்றைக்கும் முழுசாக விடவில்லை.

எனக்கு வேலை நிரந்தரமானது, வீடும் கிடைத்தது. சாவியைக் கையில் கொடுத்தபோது புஷ்பம் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். சனிக்கிழமைதோறும் விருந்தாளிகளுக்காக ரோலரை ஓட்டுகிறேன். முற்றத்துச் சல்லி மட்டும் படியவே இல்லை. ரோலருக்குப் பாரம் போதாது போல என்று மேனேஜர் சின்ன மெஷின் ஒன்றைக் கொண்டுவந்து அழுத்தினார். ஞாயிற்றுக்கிழமை நான் மேலே போய்ப் பார்ப்பேன், ரோடு வளர்ந்திருக்கும். கொஞ்ச தூரம் ஓட்டினால் கொஞ்சம், கூட ஓட்டினால் கூட. வால்வு ஒழுகுகிறது என்று பொய் சொல்லி ஒரு வாரம் ஓட்டாமல் இருந்து பார்த்தேன், அந்த வாரம் வளரவில்லை.

முதலில் அது மேலே, ஆளில்லாத பக்கமாகப் போய்க்கொண்டிருந்தது, நானும் போனால் போகட்டும் என்று விட்டுவிட்டேன். பிறகு வளைந்து சரிவில் கீழே இறங்க ஆரம்பித்தது. அந்தோனி எப்போதாவது போன் பண்ணுவான். சுகம் விசாரிக்க மாட்டான்.

"இப்ப எது வரைக்கும் வந்திருக்குண்ணே?" என்று மட்டும் கேட்பான்.

அதே இடத்தில்தான் நிற்கிறது என்று சொல்லி வைத்துவிடுவேன். வேலையை விட்டுவிடலாம் என்று நீங்கள் சொல்வீர்கள். விட்டால் வீடும் போகும், திரும்ப அந்தச் சேலைக்குப் பின்னால்தான் போய்ப் படுக்க வேண்டும்.

நேற்றுக் காலை சமைத்துக்கொண்டிருந்த புஷ்பம் குசினியின் பின்கதவைத் திறந்துவிட்டு என்னைக் கூப்பிட்டாள். அவளை அவ்வளவு சந்தோஷமாகப் பார்த்து எவ்வளவோ காலமாகிவிட்டது.

"ஏங்க, ஹோட்டல்காரங்க நம்ம வீட்டுக்கு ரோடு போடுறாங்க போல. நேரா நம்ம குசினிப் பக்கமாத்தான் வருது. இன்னும் கொஞ்சந்தான் பாக்கி."

ஆமாம் என்றேன். இந்தச் சனிக்கிழமை ஹோட்டலில் ஒரு அறைகூடக் காலி இல்லையாம், வழக்கத்தைவிடக் கூட நேரம் ஓட்ட வேண்டும், விறகும் கூட இறக்கி வை என்று மேனேஜர் ஆள் அனுப்பியிருக்கிறார்.