யாழினி கவிழ்த்த தண்ணீர்

போன வாரம் ஒரு காலை. நான் நீட்டிய தண்ணீர் டம்ளரை என் மகள் யாழினி மூக்கருகே கொண்டுபோனாள். மோந்தாள். அப்புறம் நிதானமாகத் தரையில் கவிழ்த்துவிட்டாள்.

யாழினிக்கு எட்டு வயது. ஆட்டிசம். பேச்சு இன்னும் வரவில்லை. வாராவாரம் இந்தப் பக்கத்தைப் புரட்டுகிறவர்களுக்கு அவளை நன்றாகவே தெரியும்.

இன்னொரு டம்ளர் கொடுத்தேன். அதுவும் தரைக்குப் போனது. அதட்டினேன். ஓடிப்போய்ச் சமையலறைக் குழாயை இறுக்கி மூடினாள். அதன் வாயை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு நின்றாள் - உள்ளேயிருந்து ஏதோ வெளியே வரப்பார்ப்பதுபோல.



நானும் மோந்தேன். ஒன்றுமில்லை. குடித்துப் பார்த்தேன். எப்போதும் போலத்தான் இருந்தது. கேன் தண்ணீர் வாங்கி வந்து கொடுத்தேன். மடமடவென்று குடித்தாள்!

சேலத்தை அடுத்த இளம்பிள்ளை ஊருக்குப் பக்கத்தில் இருக்கிறோம். தெருவெல்லாம் சேலைத் தறிகள். ஓடைக்கு அந்தப் பக்கம் சாயப் பட்டறைகள். தெருவுக்கே ஒரு போர்வெல்தான். பக்கத்து வீட்டு சரசக்காவிடம் விஷயத்தைச் சொன்னேன்.

“அது அடம் கண்ணு. தண்ணில என்ன இருக்குது? கண்ணாடியாட்டம் இருக்குது பாரு” என்றார்.

பார்த்தேன். கண்ணாடி மாதிரிதான் இருந்தது.

மறுநாள் காலையில் சரசக்கா என்னைக் கைபிடித்துத் தன் கொல்லைக்கு இழுத்துப்போனார். ஒரு வெள்ளை பிளாஸ்டிக் டப். ராத்திரி வேட்டி ஊறவைத்த தண்ணீர். டம்ளரில் மொண்டால் நிறமே இல்லை. ஆனால் டப்பை மேலிருந்து பார்த்தால்... மெல்லிய ரோஸ். உள்ளே கிடந்த வெள்ளை வேட்டி, பல் ஈறின் நிறத்தில் இருந்தது.

“நேத்து இந்தத் தண்ணிலதான் சோறு பொங்குனேன்” என்றார்.

மத்தியானத்துக்குள் தெருவுக்கே தெரிந்துவிட்டது. அதற்குப் பிறகு நடந்ததைத்தான் என்னால் மறக்க முடியவில்லை.

பெண்கள் வந்தார்கள். ஆளுக்கொரு டம்ளர் தண்ணீரோடு. யாழினி வாசலுக்கு வந்தாலே தங்கள் பிள்ளைகளை உள்ளே இழுத்துக்கொள்கிற அதே பெண்கள். வரிசையாக நின்று, ஒவ்வொருவராக அவள் மூக்கருகே டம்ளரை நீட்டினார்கள். அவள் மோந்தாள். கவிழ்த்தாள். மோந்தாள். கவிழ்த்தாள். கரண்ட் இல்லாததால் தறிகள் ஓடவில்லை. சிமென்ட் தரையில் தண்ணீர் விழும் சத்தம் மட்டும்தான்.

“சாமி... எங்கூட்டுத் தண்ணியவும் பாரு சாமி.”

எங்கள் பக்கம் குழந்தைகளைச் சாமி என்று கூப்பிடுவது வழக்கம்தான். அன்றைக்கு அந்தக் குரல் வேறாக இருந்தது. இத்தனை நாள் அவர்கள் ஒதுங்கிப் போனபோதுகூட நான் இவ்வளவு பயந்ததில்லை. என் மகள் தெய்வம் இல்லைங்க! அவளுக்கு வாசனையும் சத்தமும் நம்மைவிட அதிகமாக உறைக்கும். அவ்வளவுதான். அதனால்தான் குக்கர் விசில் கேட்டால் தன் கையையே கடித்துக்கொண்டு அலறுகிறாள். அப்போது யார் வரிசையில் நிற்கிறார்கள்?

போதும் என்று அவளை உள்ளே கூட்டிக்கொண்டு போனேன்.

போர்வெல்லைப் பூட்டியாயிற்று. லாரித் தண்ணீர் வருகிறது. அதிகாரிகள் பாட்டிலில் பிடித்துக்கொண்டு போனார்கள். முடிவு இன்னும் வரவில்லை. பட்டறைக்காரர்களைக் கேட்டால், நாங்கள் இல்லை என்று ஆளாளுக்குச் சொல்கிறார்கள்.

நேற்று சரசக்காவின் மருமகள் நித்யா வந்தாள். ஆறு மாதக் கர்ப்பம். வந்து உட்கார்ந்து, வெகுநேரம் யாழினியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஏனுங்க்கா... இவ வவுத்துல இருக்கறப்ப நீங்களும் இந்தத் தண்ணியத்தானுங்களா குடிச்சீங்க?”

இதைச் சேலத்தில் யாழினியைப் பார்க்கும் டாக்டரிடம் நானே கேட்டிருக்கிறேன். முதன்முதலில் போனபோது அங்கே சுலபமாக நாற்காலி கிடைத்தது. இப்போது வராண்டா வரைக்கும் நிற்கிறோம். ஏன் டாக்டர் இவ்வளவு குழந்தைகள்? ஏதாவது நம்மைச் சுற்றி...?

“முன்னாடி இந்தக் குழந்தைங்க நிலைமைக்கு ஒரு பேர்கூட வைக்கலைம்மா. இப்ப கண்டுபிடிக்கிறோம். எண்ணிக்கை கூடினதுக்கு அதுவும் ஒரு காரணம். இவளுக்கு இதனாலதான்னு ஒண்ணைக் கைகாட்ட யாராலயும் முடியாது. உங்க தப்பு எதுவும் இல்லை. தண்ணி சுத்தமா இருக்கணும்னு கேக்கறதுக்கு ஆட்டிசம் ஒரு காரணமா வேணுமா என்ன?” என்றார் அவர்.

அவரை நம்புகிறேன். கையில் வேலை இருக்கும்வரை முழுசாகவே நம்புகிறேன்.

அவர் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் நித்யாவிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள். “சரிங்க்கா” என்று எழுந்து போனாள்.

அவள் போன பிறகுதான் உறைத்தது. அவள் கேட்டது ரொம்பச் சின்னக் கேள்வி. ‘ஆமாம்’ என்ற ஒரு வார்த்தை போதும்.

அதை மட்டும் நான் சொல்லவே இல்லை.