எல்லோரும் நல்லதுதான் சொன்னார்கள்

கலஹா என்ற ஊரிலிருந்து வந்து அத்தையைப் பெண் பார்த்துவிட்டுப் போனவர்கள், அடுத்த ஞாயிற்றுக்கிழமை தட்டு மாற்ற வருவதாகச் சொல்லியிருந்தார்கள். அவர்கள் உட்காரப்போகும் கதிரைகளுக்கு அம்மா புது உறை தைத்தாள். ஞாயிறு வந்தது, அவர்கள் வரவில்லை. வேறு இடம் பார்க்கிறார்களாம் என்று தரகர் வந்து சொன்னார். போகிற வழியில் எங்கள் ஊர் கட்டுகஸ்தோட்டையிலேயே அத்தையைப் பற்றி விசாரித்தார்களாம். யாரிடம், என்ன என்று சொல்லாமலே கிளம்பிவிட்டார்.

அத்தை அப்பாவின் தங்கை. எங்களோடு இருந்துகொண்டு, பல்லேகலவில் ஓர் ஆடைத் தொழிற்சாலைக்குப் போய்வந்தாள். இரவு வேலை முடிந்தால் கம்பனி வேன் விடியற்காலையில் பாலத்தடியில் இறக்கிவிடும். அங்கிருந்து வீடுவரை தனியாக நடப்பாள். அவளைப் பற்றிச் சொல்ல அவ்வளவுதான் இருந்தது.

யார் என்ன சொன்னது என்று கேட்டுச் சண்டை போட அப்பா கிளம்பினார். கடையில் டொபி மிட்டாய் கிடைக்கும் என்று நானும் கூடப் போனேன்.

சில்லறைக்கடை முதலாளி அப்பாவை உட்காரவைத்துத் தேநீர் கொடுத்தார்.

"தங்கமான புள்ளன்னுதான் சொன்னேன். யாரு என்ன பேசினாலும் நான் நம்பமாட்டேன்னும் சொல்லி அனுப்பினேன்."

யார் பேசினார்கள் என்று அப்பா கேட்டார். யாரும் பேசவில்லை, ஒரு பேச்சுக்குச் சொன்னதுதான் என்றார் முதலாளி. த்ரீவீல் ஓட்டும் அண்ணனோ, எந்த நேரத்தில் வந்து இறங்கினாலும் அத்தை தலை நிமிராமல் போவதைப் புகழ்ந்திருந்தார். பக்கத்து வீட்டு அக்காதான் எல்லோரையும்விட அன்பாகப் பேசியிருந்தாள்.

"பழசெல்லாம் எதுக்கு, இப்ப ஒரு கொறையும் இல்லன்னு சொன்னேண்ணே."

"என்ன பழசு?"

"நான் ஒன்னும் சொல்லலையே. நல்லதத்தானே சொன்னேன்."

அப்பா அவளுக்கு நன்றி சொல்லிவிட்டு நடந்தார். டொபி மறந்துபோயிற்று.

இப்போது நான் கணினி நிரல்களில் பிழை தேடும் வேலை பார்க்கிறேன். எந்த வரியில் பிழை என்று காட்டினால்தான் திருத்துவார்கள். அன்று கேட்டவற்றை எத்தனையோ முறை மனதில் அடுக்கிப் பார்த்துவிட்டேன். ஒவ்வொரு வரியும் சரியாகத்தான் இருக்கிறது.

அன்றோ எனக்கு ஒரே சந்தோஷம். ஓடிப்போய், இரவு வேலைக்குச் சோறு கட்டிக்கொண்டிருந்த அத்தையிடம் அவ்வளவையும் வரிசையாக ஒப்பித்தேன்.

"யாருமே கெட்டதா சொல்லலையா?"

"இல்ல அத்தை. எல்லாரும் நல்லதாத்தான் சொன்னாங்க."

அவள் பார்சலை மடித்துப் பைக்குள் வைத்தாள்.

"அப்ப ஒன்னும் செய்ய ஏலாது" என்றாள்.

இவ்வளவு நல்ல செய்தி கொண்டுவந்தும், என் முகத்தைக்கூடப் பார்க்காமல் வேன் பிடிக்கப் போய்விட்டாளே என்று எனக்கு அவள்மேல்தான் கோபம் வந்தது.