பத்தொன்பது நிமிடம்

லோர்னா ஃப்ரீசன் கனடாவின் சாஸ்கட்டூன் நகரில் ஒரு சிறு நிறுவனத்தில் பதினோரு வருடமாகக் கணினிப் பாதுகாப்புச் சோதனை செய்துவந்தாள். வாடிக்கையாளர் தரும் பட்டியலில் உள்ள கணினிகளை, கருப்புத் திரையில் கட்டளை அடித்து, திருடன் கதவைத் தட்டிப் பார்ப்பதுபோலத் தட்டிப் பார்ப்பாள். எது திறக்கிறதென்று எழுதிக் கொடுப்பாள். ஒரே நேரத்தில் எட்டுக் கணினிகளுக்கு மேல் தட்ட மாட்டாள். சில பழைய இயந்திரங்கள் அந்தத் தட்டலையே தாங்காது.

பிப்ரவரியில் ஒரு மருத்துவமனையின் வேலை வந்தது. முந்நூற்றுப் பன்னிரண்டு கணினி முகவரிகள். செவ்வாய்க்கிழமை காலை மேலாளர் பிரென்ட் காபிக் கோப்பையோடு அவள் நாற்காலியருகே வந்து நின்றான்.

"எட்டு எட்டா ஓட்டினா முடிக்கறதுக்குள்ள பனியே உருகிடும் லோர்னா. இருநூறாப் போடு."

"இதுல எது என்ன மெஷின்னு யாருமே சொல்லலையே?"

"அவங்களே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த பட்டியல். அப்புறம் என்ன?"

கட்டளையில் ஒரே ஒரு எண்ணை மாற்றினாள். திரையில் வரிகள் மளமளவென்று ஓடின. அந்த வேகத்தைப் பார்த்து அவளுக்குக் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது. பிற்பாடு அவளை அதிகம் அரித்தது அதுதான்.

இதயநோய்ப் பிரிவின் கண்காணிப்புக் கணினியும் பட்டியலில் இருந்தது. பதினாறு வருடப் பழசு. சரமாரியாக வந்த தட்டலில் அது உறைந்துபோனது. அணைந்திருந்தால் செவிலியர்கள் ஓடி வந்திருப்பார்கள். அது கடைசியாக வரைந்த நாடிக் கோட்டையே பத்தொன்பது நிமிடம் காட்டிக்கொண்டு நின்றது. நோயாளியின் படுக்கையருகே அடித்த எச்சரிக்கை மணியின் சத்தம் மூடிய கதவைத் தாண்டவில்லை. அந்த நேரத்துக்குள் அங்கே படுத்திருந்த வால்டர் மெல்னிக் என்ற ஓய்வுபெற்ற ரயில் தொழிலாளி இறந்துபோனார்.

விசாரணையில், அந்தக் கணினியைப் பட்டியலில் சேர்த்ததுதான் தவறு என்றார்கள். குடும்பத்தாரோடு பேசக் கூடாது என்று நிறுவனத்தின் வக்கீல் லோர்னாவிடம் கண்டிப்பாகச் சொன்னார்.

ஏப்ரலில் அவள் வேலையை விட்டாள். மறுநாளே மெல்ஃபர்ட் என்ற ஊரில் வசித்த வால்டரின் மகள் மர்லீன் வீட்டுக்குக் காரோட்டிப் போனாள். வாசலில் நின்றபடியே, மாற்றிய எண் உட்பட எல்லாவற்றையும் சொன்னாள். மர்லீன் கதவில் வைத்த கையை எடுக்காமல் கேட்டாள்.

"அப்பா யாரையாவது கூப்பிட்டாரா?"

"தெரியலைங்க. அது எதுலயும் பதிவாகல."

"தூக்கத்துலயே போயிட்டார்னு ஆஸ்பத்திரியில சொன்னாங்க. நான் அதை நம்பிட்டிருந்தேன்."

மர்லீன் சத்தமில்லாமல் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஜூனில் மர்லீன் மருத்துவமனையின் மேலும் அந்த நிறுவனத்தின் மேலும் வழக்குப் போட்டாள். லோர்னா சாட்சிக் கூண்டில் எதையும் மறைக்கவில்லை. அதன்பின் அந்தத் தொழிலில் யாரும் அவளை எடுத்துக்கொள்ளவில்லை. இப்போது பள்ளிப் பேருந்து ஓட்டுகிறாள்.