ஆபிரகாமின் நாற்காலி

"மேசையப் பிடி!" என்று கத்தினார் கெட்ஸல்.

மேசைக்கு ஒன்றும் ஆகவில்லை. போனது கூரை. காற்று அதை அப்படியே தூக்கிக்கொண்டுபோய், பக்கத்து வீட்டு மர வியாபாரி போருக்கின் வாத்துப் பட்டியில் போட்டது.

கிழிந்த கோணிகளுக்கு ஒட்டுப் போட்டுப் பிழைக்கிற கெட்ஸல் அண்ணாந்து பார்த்தார். அவர் முகத்தில் மெல்ல ஒரு வெளிச்சம் வந்தது. அந்த வெளிச்சத்தைக் கண்டாலே அவர் மனைவி ஸிஸ்லுக்குப் பயம். ஆடு செத்தபோதும் அதுதான் வந்தது.

"ஸிஸ்ல், கூடாரப் பண்டிகை வருதுல்ல?"

"வேண்டாம். சொல்லாதீங்க."

"நாலு சுவரும் நிக்குது. மேல கிளையப் பரப்பிட்டா கூடாரம். நாம கேட்டோமா? ஆண்டவரே கட்டிக் குடுத்துட்டார்."

"கட்டிக் குடுக்கல. பிச்சிக்கிட்டுப் போயிருக்கார்."

பண்டிகை நாட்களில் யூதர்கள் கிளை வேய்ந்த கூடாரத்தில் உட்கார்ந்துதான் சாப்பிட வேண்டும். சொந்தமாகக் கூடாரம் போட அவர்களுக்கு ஒருபோதும் வக்கிருந்ததில்லை. வருஷா வருஷம் போருக்கின் கூடாரத்தில்தான் சாப்பாடு. கதவோரத்து இடம் அவர்களுடையது. சூப் அங்கே வந்து சேர்வதற்குள் ஆறிப்போயிருக்கும். ஒரே ஒரு பண்டிகைக்காவது மேசைத் தலைமாட்டில் உட்கார்ந்து நாலு பேரை "வாங்க" என்று கூப்பிட வேண்டும் என்பது கெட்ஸலின் ஆசை.

சாயங்காலம் போருக் வந்தார். "வாத்துக்கு ஒண்ணும் ஆகல. பழைய பலகை சும்மாத்தான் கெடக்கு. நாளைக்கே ஆள் விட்டு அடிச்சுத் தர்றேன்."

"பண்டிகை முடியட்டும்" என்றார் கெட்ஸல். "பலகை போட்டா கூடாரம் செல்லாதுல்ல?"

போருக் ஸிஸ்லைப் பார்த்தார். ஸிஸ்ல் அன்றே மூட்டை கட்டிவிட்டாள்.

"சூப்புல ஒரு சொட்டு விழட்டும். பண்டிகை முடிஞ்ச மறுநாள் நான் பின்ஸ்க்ல அக்கா வீட்டுல இருப்பேன். நீங்களும் உங்க வானமும் குடும்பம் நடத்துங்க."

பண்டிகையின் முதல் ராத்திரி. தேவதாருக் கிளைகளுக்கு நடுவே மேகம் தெரிந்தது. முதல் ராத்திரி விருந்தாளியாக வருவார் என்று நம்பப்படுகிற முன்னோர் ஆபிரகாமுக்கு, வழக்கப்படி ஒரு நாற்காலியைக் காலியாக விட்டிருந்தார் கெட்ஸல். ஆசி சொல்லி ரொட்டியைப் பிட்டு வாயில் போட்டார். சூப்பில் ஒரு சொட்டு விழுந்தது.

ஸிஸ்ல் மூட்டையைப் பார்த்தாள்.

"மழையில்ல. கிளையில இருந்த பனி" என்றார் கெட்ஸல்.

அந்தப் 'பனி' கொட்டோ கொட்டென்று கொட்டியது. ஸிஸ்ல் ஒரு கோணியை எடுத்துச் சட்டியை மூடினாள். தெருவில் எல்லாக் கூடாரங்களும் காலியாகி, ஜனங்கள் கிண்ணத்தோடு வீட்டுக்குள் ஓடினார்கள். அவ்வழியே போன ஊர்க் குரு ரபி ஹென்னிக் எட்டிப் பார்த்தார்.

"ரொட்டி ஒரு துண்டு சாப்பிட்டாச்சா? அது போதும். மழையில உட்கார்ந்திருக்கிறவன சாஸ்திரம் முட்டாள்னு சொல்லுது."

"இதுக்கு சாஸ்திரம் எதுக்கு ரபி? என்னைக் கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே" என்றாள் ஸிஸ்ல்.

"எந்திரி கெட்ஸல். வீட்டுக்குள்ள போ."

"வீட்டுக்குள்ளதான் ரபி இருக்கேன்."

ரபி வாயைத் திறந்தார், மேலே பார்த்தார், தாடியைப் பிழிந்துகொண்டார். அதற்குள் போருக்கும் அவர் மனைவி ஹிண்டேயும் நனைந்துகொண்டே வந்து நின்றார்கள்.

"பிடிவாதம் போதும்யா. நம்ம வீட்டுக்கு வா."

"ஆபிரகாம் வந்து உட்கார்ந்திருக்கார்" என்று காலி நாற்காலியைக் காட்டினார் கெட்ஸல். "அவரும்தான் நனையறார். விருந்தாளிய விட்டுட்டு நான் மட்டும் எந்திரிச்சு வரவா? நீங்க உட்காருங்க."

எல்லோரும் ரபியைப் பார்த்தார்கள்.

"யோசிக்க வேண்டிய விஷயம்" என்ற ரபி பெஞ்சில் உட்கார்ந்தார். "சூப் சூடா இருக்கா?"

அவர் உட்கார்ந்த பிறகு மற்றவர்கள் நிற்க முடியுமா? போருக்குக்குக் கதவோரத்து இடம்தான் மிச்சம். ஹிண்டே நடுங்குவதைப் பார்த்த ஸிஸ்ல் மூட்டையை அவிழ்த்துத் தன் கம்பளிச் சால்வையை எடுத்துக் கொடுத்தாள். கோணியைத் தூக்கித் தூக்கி ஒவ்வொரு கிண்ணமாக ஊற்றினாள். கதவோரம் வந்தபோது பாதி சூப், பாதி மழை.

"ஸிஸ்ல், கொஞ்சம் ஆறிப்போச்சேம்மா" என்றார் போருக்.

"கதவோரம், அண்ணா. அங்க அப்படித்தான் இருக்கும்."

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். நிறுத்த முடியாமல் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். கெட்ஸல் தலைமாட்டிலிருந்து, "ரபிக்கு இன்னொரு கரண்டி ஊத்து" என்றார்.

மறுநாள் காலையில் மழை விட்டிருந்தது. தொழுகைக்கூடத்தில் ரபி தும்மினார், போருக் தும்மினார். கெட்ஸல் தும்மவில்லை. பண்டிகை நாளில் ஆணி அடிக்கக் கூடாது என்பதால் பலகைகள் போருக்கின் முற்றத்திலேயே கிடந்தன. ஹிண்டே சால்வையைத் திருப்பிக் கொண்டுவந்தாள். ஸிஸ்ல் அதைச் சுவர் ஆணியில் மாட்டினாள். மூட்டையில் இருந்த மற்ற துணிகளைப் பெட்டியில் வைத்தாள். மத்தியானம் வருகிறவர்களுக்கும் சேர்த்துச் சூப்பில் பார்லி கொஞ்சம் கூடுதலாகப் போட்டாள்.